டெட்லைன் நாளில் எழுந்து போன ஜி.எம்.

போன மாதம் என் ரிட்டயர்மென்ட் விருந்துக்கு நீங்கள் எல்லாரும் சான் ரமோன் வீட்டுக்கு வந்திருந்தபோது, பிரியாணித் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உங்களில் ஒருத்தி கேட்டாள்: "ஆன்ட்டி, ட்ரேட் டெட்லைன் அன்னைக்கு எல்லா ஃபோனும் ஒண்ணா அடிக்கும்போது பேனிக் ஆகாம எப்படி டிசைட் பண்ணுவீங்க?" நான் "முதல்ல தால்ச்சா ஊத்திக்கோம்மா" என்று சிரித்து மழுப்பிவிட்டேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொல்ல ஒரு முழு மனிதரைச் சொல்ல வேண்டும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்களிடம் சொல்லக்கூடிய நீளம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்குள் வந்தபோது ஐஸ் ஹாக்கி டீம் ஆபீஸில் நம் ஆட்கள் யாரும் இல்லை. இன்று உங்களில் ஒருவர் டேட்டாவில், ஒருத்தி பிசியோதெரபியில், இன்னொருவர் டிக்கெட் விற்பனையில். உங்களோடு தமிழில் அரட்டை அடிப்பது எனக்கு இன்னும் நம்ப முடியாத விஷயமாகத்தான் இருக்கிறது.

நான் வந்த வழி ரொம்ப வேடிக்கை. ஃபாரூக்கைக் கல்யாணம் செய்துகொண்டு நியூ ஜெர்ஸி வந்தேன். அவருக்கு ஐ.டி. வேலை, எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லாத விசா. சும்மா இருக்கப் பிடிக்காமல் சட்டம் படித்தேன். கிரீன் கார்டு வந்தபிறகு ஒரு சின்ன இமிக்ரேஷன் வக்கீல் ஆபீஸில் சேர்ந்தேன். ஒருநாள் ஒரு ஹாக்கி டீமிலிருந்து ஃபின்லாந்துப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். விசா சிக்கலால் மனைவி அங்கே, அவன் இங்கே. விசாவால் முடங்கிக் கிடக்கிற வலி எனக்குப் புதிதில்லை. விடாமல் போராடி அவளை வரவழைத்தேன். அதற்குப் பிறகு அந்த டீம் தன் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் எல்லாரையும் என்னிடமே அனுப்ப ஆரம்பித்தது, கடைசியில் என்னையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. காயல்பட்டினத்திலிருந்து வாப்பா ஃபோனில் கேட்டார்: "ஐஸ்ல ஹாக்கியா? வழுக்காதாம்மா?" வழுக்குவதுதான் ஆட்டமே என்று சொன்னேன். அவர் கடைசிவரை நம்பவில்லை.

ஒப்பந்தம், சம்பள உச்சவரம்பு, லீக் விதிகள், இதெல்லாம் நீங்களே படித்துக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது டெக்ஸஸில் நடந்தது. எந்த டீம், யார் யார் என்று தேடாதீர்கள். பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

அப்போது எங்கள் வீடு காப்பெல்லில். நான் டீமின் துணை ஜெனரல் மேனேஜர். ஜி.எம். என்னைவிட இரண்டு வயது சின்னவர். கனடாவில் கோதுமை விவசாயக் குடும்பம். இளம் வயதில் சின்ன லீக்குகளில் ஆடி, மூக்கை உடைத்துக்கொண்டு, பெரிய லீக்கில் ஒரு மேட்ச் கூட ஆடாமல் ஓய்ந்தவர். நான் வக்கீல் என்பதால் "கவுன்சலர்" என்றுதான் கூப்பிடுவார். மதியத்துக்கு எப்போதும் பீநட் பட்டர் சாண்ட்விச். அதையும் நின்றுகொண்டேதான் சாப்பிடுவார்.

அந்த வருஷம் எங்கள் டீம் மோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. பிளே-ஆஃப் கனவு கலைந்துவிட்டது. எங்களிடம் ரையன் என்று ஒரு டிஃபென்ஸ் ஆட்டக்காரர் இருந்தார். முப்பத்தைந்து வயது, முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனவர். டீமில் யாருடைய ஷூவில் ஷேவிங் க்ரீம் இருந்தாலும் அது ரையன் வேலைதான். அவ்வளவு குறும்பு. கோப்பையை மட்டும் ஒருமுறையும் ஜெயித்ததில்லை. அந்த சீசனின் மிகப் பலமான டீம் அவரைக் கேட்டது. பதிலுக்கு ஒரு நல்ல இளம் ஃபார்வர்டையும், புது இளம் ஆட்டக்காரர்களை டீம்கள் தேர்ந்தெடுக்கிற அடுத்த டிராஃப்டில் தங்கள் முதல் வாய்ப்பையும் தருவதாகச் சொன்னார்கள். ரையனுக்குக் கோப்பைக்கு ஒரு கடைசி வாய்ப்பு, எங்களுக்கு எதிர்காலம். டீம் ஓனர் ஜி.எம்.மிடம் தெளிவாகவே சொல்லியிருந்தார், இந்த டீலைப் பார்த்துத்தான் உன் ஒப்பந்தத்தை நீட்டிப்பேன் என்று.

டெட்லைன் நாள் உங்களுக்குத் தெரியும். அந்தப் பிற்பகல் கெடு தாண்டிவிட்டால் அந்த சீசனுக்கு யாரையும் யாரிடமும் மாற்ற முடியாது. ரையன் சீனியர் என்பதால் அவர் சம்மதம் இல்லாமல் அனுப்பவும் முடியாது. அதனால் காலையிலேயே அவர் வீட்டுக்குக் கையெழுத்து வாங்கப் போனேன். அவர் வீடும் காப்பெல்தான், எங்கள் வீட்டிலிருந்து நான்கு சிக்னல்.

வெளியே டெக்ஸஸ் வெயில் பளீரென்று அடித்தது. உள்ளே எல்லா ஜன்னலிலும் பிளைண்ட்ஸ் இறக்கியிருந்தது. ரையன் கிச்சன் மேஜையில் உட்கார்ந்திருந்தார். முகம் முழுக்க சிரிப்பு. "இன்னைக்கு ராத்திரி அவங்க எங்க ஆடறாங்க?" என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். "அப்போ நேரா அங்கேயே போயிடுவேன்" என்று கையெழுத்துப் போட்டார். நான் காகிதத்தை உறையில் வைக்கும்போது மறுபடி கேட்டார்: "ஆமா, இன்னைக்கு ராத்திரி அவங்க எங்க ஆடறாங்க?"

சந்தோஷத்தில் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் மனைவி எமிலி பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை சாதாரணமாக இல்லை.

வழியனுப்புகிற மாதிரி கார்வரைக்கும் வந்தாள். கார் கதவில் கையை வைத்துக்கொண்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி, வேகமாகச் சொன்னாள்:

"முந்தாநாள் மேட்ச்ல தலைல அடி பட்டுதில்ல, அதுலேர்ந்து சரியில்ல. காலைல வாந்தி எடுத்தான். லைட் போட விட மாட்டேங்கறான்."

"டாக்டர் டெஸ்ட் பண்ணி க்ளியர்னு சொன்னாரே?"

"அந்த டெஸ்ட்ல எப்படி பாஸ் ஆகறதுன்னு அவனுக்கு நல்லாத் தெரியும், நஸீமா. எத்தனை வருஷமா ஆடறான்." வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "நான் சொன்னேன்னு தெரிஞ்சா, அவனோட கடைசி சான்ஸை நான்தான் கெடுத்தேன்னு சாகற வரைக்கும் நினைப்பான். சொல்லாம விட்டா…"

முடிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

ஃப்ரீவேயில் வரும்போது கையெழுத்தான காகிதம் பக்கத்து சீட்டில் கிடந்தது. சட்டப்படி எல்லாம் சரி. டாக்டர் க்ளியர் செய்துவிட்டார், ஆட்டக்காரர் சம்மதித்துவிட்டார். கார் பக்கத்தில் நின்று ஒரு மனைவி சொன்னது எந்த ரெகார்டிலும் கிடையாது. தலையில் பட்ட அடி ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். ஆபீஸுக்குள் நுழைந்ததும் ஜி.எம்.மைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

அவர் சாண்ட்விச்சை மெல்வதை நிறுத்திவிட்டார். "அவ சொல்றதை நம்பறீங்களா, கவுன்சலர்?"

"நம்பறேன்."

சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "சரி. அவ எதுவும் சொல்லல. நாம எதுவும் கேக்கல."

மூடி மறைக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். "அவ வார்த்தையை நான் அந்த வீட்டுக்குள்ள தூக்கிட்டுப் போக மாட்டேன். அவங்க ரெண்டு பேரும் நாளைக்கும் ஒரே வீட்டுல இருக்கணும். எனக்குன்னு ஒரு காரணம் வேணும், அது பொய்யாவும் இருக்கக் கூடாது. முந்தாநாள் மேட்ச் வீடியோவைப் போடுங்க."

வெளியே ஃபோன்கள் அடித்துக்கொண்டிருந்தன. லீக்கில் ஒவ்வொரு ஜி.எம்.மும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருக்கிற நாள் அது. இவர் கதவைச் சாத்திக்கொண்டு பழைய மேட்ச் பார்க்கிறார்! ஆட்களைத் தேர்வு செய்கிற எங்கள் தலைமை ஸ்கவுட் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடி விழுந்த காட்சியில் ஒன்றும் புலப்படவில்லை. ரையன் எழுந்தார், தலையை உதறினார், ஆடினார். தொடர்ந்து பார்த்தோம். கடைசிப் பகுதியில் ஓர் இடம் வந்தது. ஆள் மாற்றுவதற்காக எல்லாரும் பெஞ்சுக்குத் திரும்புகிறார்கள். ரையன் நேராக எதிர் டீமின் பெஞ்சுக்குப் போய் அவர்கள் கதவில் கை வைக்கிறார். அவர்கள் சிரிக்கிறார்கள். இவர் நின்று, திரும்பி, எங்கள் பெஞ்சுக்கு வருகிறார். அன்று அரங்கத்தில் நானும் அதைப் பார்த்துச் சிரித்தவள்தான். ரையன் குறும்பாச்சே.

ஜி.எம். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பிறகு கோட்டை எடுத்தார். அவசரத்தில் ஸ்லீவ் உடனே மாட்டவில்லை. அவர் அன்று பதறவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

"ஃபோனை ஸ்கவுட் பாத்துக்கட்டும். நீங்களும் வாங்க."

"கூப்பிட்டா என்ன சொல்லணும்?" என்று ஸ்கவுட் கத்தினார்.

"வெளில போயிருக்கேன்னு சொல்லு. உண்மைதானே."

ரையன்தான் கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. கிச்சனில் நின்றபடியே ஜி.எம். ஃபோனில் அந்தக் காட்சியைக் காட்டினார்.

"அது ஜோக்கு," என்றார் ரையன்.

"நீ ஜோக் அடிச்சா அடுத்த செகண்ட் நம்ம பசங்களைத் திரும்பிப் பாப்ப, சிரிக்கறாங்களான்னு. எத்தனை வருஷமா உன்னைப் பாக்கறேன். இதுல நீ யாரையும் பாக்கல."

அந்த இடத்தில்தான் நான் இந்த மனிதரை முழுசாகப் பார்த்தேன் என்று சொல்வேன். ஒரு ஆட்டக்காரரின் ஸ்கேட்டிங் வேகத்தை அளந்து சொல்ல உங்களைப் போல் பத்துப் பேர் இருப்பார்கள். அவன் ஜோக் அடித்துவிட்டு எந்தப் பக்கம் திரும்புவான் என்று தெரிந்து வைத்திருக்க, அவன் மேல் அக்கறை வேண்டும்.

ரையன் ஃபோனைத் தள்ளிவிட்டார். "இன்னைக்குத்தான் உனக்கு இதைப் பாக்கணும்னு தோணிச்சா? டாக்டர் க்ளியர் பண்ணியாச்சு!"

"இன்னொரு தடவை பாக்கட்டும். தலைவலி, வெளிச்சம், எல்லாத்தையும் அவர்கிட்ட நிஜமா சொல்லு. சரின்னு சொன்னா நானே ஏர்போர்ட்ல கொண்டு விடறேன்."

"அதுக்குள்ள டைம் முடிஞ்சிடும்."

"முடிஞ்சிடும்."

"உனக்கு என்ன தெரியும்? நீ இந்த லீக்ல ஒரு மேட்ச் ஆடியிருக்கியா?"

"இல்ல," என்றார் ஜி.எம். "ஒண்ணு கூட ஆடினதில்ல."

அவ்வளவுதான் சொன்னார். கோபமும் இல்லை, விளக்கமும் இல்லை. எமிலி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் இருந்த நேரம் முழுக்க ஜி.எம். அவள் பக்கம் ஒருமுறை கூடப் பார்வையைத் திருப்பவில்லை. எவ்வளவு கவனமாகத் திருப்பாமல் இருந்தார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ரையன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். பெரிய உடம்பு குலுங்கியது. ஜி.எம். கோட்டைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் போட்டுவிட்டு அவர் அருகில் உட்கார்ந்தார். தட்டிக்கொடுக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. போக வேண்டிய அவசரம் எதுவும் இல்லாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பிறகு வெளியே வந்து, டிரைவ்வேயில் நின்று அந்தப் பெரிய டீமின் ஜி.எம்.முக்கு ஃபோன் போட்டார். நான் சாட்சியாக இருக்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் வைத்து, ரையன் வீட்டு டிரைவ்வேயில் நானும் கூட நிற்பதாக என் பெயரைச் சொன்னார்.

"என் ஆளுக்குத் தலை சரியில்ல. மறுபடி டாக்டர் பாக்காம அனுப்ப மாட்டேன்."

"க்ளியர்னு பேப்பர் அனுப்பினியே?"

"அந்தப் பேப்பர் எழுதினப்போ எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும்."

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ டீல் இல்லை என்று சொன்னது கேட்டது. பிறகு, "நீ சொல்லாம அனுப்பியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது."

"அடுத்த அடில அவன் தலைக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றார் எங்கள் ஜி.எம். "சரி, நீ வேற ஆளைப் பாரு, உனக்கு நேரம் இல்ல." வைத்துவிட்டார்.

ஆபீஸுக்கு என்னை அனுப்பிவிட்டு, ரையனைத் தன் டிரக்கிலேயே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். கெடு நேரம் தாண்டியபோது அவர் ஒரு வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்திருந்தார். ஓனரின் ஆபீஸிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். "திடீர்னு எப்படித் தெரிஞ்சுது? யார் சொன்னது?" என்று கேட்டார்கள். "வீடியோவில் இருந்தது, நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன்" என்றேன். அந்த வார்த்தையில் ஒரு பொய்யும் இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் அவர் அந்த வீடியோவைத் தேடினார் என்று அப்போதுதான் உறைத்தது. எமிலிக்கு மட்டும் மறைப்புக் கட்டவில்லை, எனக்கும் கட்டியிருந்தார்.

டாக்டர் ரையனைப் பார்த்துவிட்டு அந்த சீசன் முழுக்க ஆடக் கூடாது என்றார். அறிகுறிகள் வசந்தம் போய், கோடை போயும் விடவில்லை. ரையன் மறுபடி ஆடவே இல்லை. உள்ளூர்ப் பத்திரிகைகள் எங்களைக் கிழித்தன. கைக்கு வந்த டீலைத் தவறவிட்ட முட்டாள் ஆபீஸ் என்றார்கள். உடல்நிலை விவரம் ஆட்டக்காரருடைய சொந்த விஷயம் என்பதால் ஜி.எம். வாயைத் திறக்கவில்லை. "முடிவு என்னுடையது" என்று மட்டும் சொன்னார். ரையனே ஒரு பேட்டியில், இந்த லீக்கில் ஒரு நாள் கூட ஆடாத ஒருத்தர் என் கடைசி வாய்ப்பைப் பறித்துவிட்டார் என்று சொன்னார். ஜி.எம். அதற்கும் பதில் சொல்லவில்லை.

சீசன் முடிந்ததும் அவர் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. ஓனர் கெட்டவர் இல்லை. "நீ செய்தது சரிதான், ஆனால் டீம் தோற்றுக்கொண்டே இருக்கிறது" என்று நேராகச் சொல்லி, கைகொடுத்து அனுப்பினார். தற்காலிகமாக என்னை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். எனக்கு மனசே இல்லை. "உங்க நாற்காலியில நான் எப்படி உக்காரறது?" என்று ஜி.எம்.மிடம் கேட்டேன். "அது நாற்காலி, கவுன்சலர். நீங்க உக்காரலன்னா வேற யாரோ உக்காருவாங்க. நீங்கன்னா தேவைப்பட்டப்போ எழுந்து போவீங்க," என்றார். மனைவி பிள்ளைகளோடு கனடாவுக்கு, அண்ணனோடு சேர்ந்து கோதுமை பார்க்கப் போய்விட்டார். எந்த டீமும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. அதில் எனக்கு இன்றுவரை வருத்தம். அவருக்கு இல்லை என்று அவர் சொல்லுவார். நான் முழுசாக நம்புவதில்லை.

சில வருஷங்கள் கழித்து பே ஏரியாவில் எனக்கு ஜி.எம். வேலை கிடைத்து இங்கே வந்தோம். முதல் டெட்லைன் நாளில் அதே பெரிய டீமின் ஜி.எம்.மிடம், முழங்காலில் அடிபட்டுத் தேறிய எங்கள் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றி ஒரு டீல் பேச வேண்டியிருந்தது. என் பெயரைக் கேட்டதும், "நீங்க அன்னைக்கு அந்த டிரைவ்வேல நின்னவங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப உங்க ஆளோட முழங்கால் எப்படி இருக்குன்னு நீங்களே சொல்லிடுங்க. எனக்கு அது போதும்." ஃபாரூக்கிடம் அன்று அதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். "டீல் முடிஞ்சுதுல்ல, அப்புறம் ஏன் அழற?" என்று கேட்டார். வேறொருவர் வேலையை இழந்து சம்பாதித்த நம்பிக்கை என் கையில் வந்து விழுந்திருக்கிறது என்று அவருக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை.

நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ரையன் ஃபோன் செய்தார். அத்தனை வருஷத்தில் அவர் குரலை நான் கேட்டதே இல்லை. நல்லா இருக்கேன் என்றார், தலைவலி எப்போதாவதுதான் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "எமிலி போன வாரம் எல்லாத்தையும் சொன்னா," என்றார்.

"கோவமா இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"கோவமே வரல, நஸீமா. அவ சொல்லி முடிச்சப்போ எனக்குத் தோணினது ஒண்ணுதான். இவ்வளவு நாளா அவனைத் திட்டிட்டு இருந்தேனே, பேப்பர்ல கூட. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஏன் சொல்லல?"

அந்தப் பேட்டி வந்த அன்று நானும் ஜி.எம்.மிடம் இதையேதான் கேட்டேன். அவர் சொன்ன பதிலை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ரையனிடம் சொன்னேன்: "'அவனுக்கு இப்ப கோவப்பட ஒரு ஆள் வேணும். அந்த ஆள் அவன் வீட்டுக்குள்ள இருக்க வேண்டாம்'னு சொன்னார்."

ரையன் ஜி.எம்.மின் நம்பரைக் கேட்டார். கொடுத்தேன்.

அந்த வாரக் கடைசியில் ஜி.எம்.மே என்னைக் கூப்பிட்டார். அறுவடை நடந்துகொண்டிருந்தது, பின்னால் மெஷின் சத்தம். "உங்க ஆள் ஃபோன் பண்ணினான், கவுன்சலர். ரொம்ப நேரம் பேசினோம்."

"என்ன சொன்னார்?"

"அவன் பொண்ணு கோல்கீப்பராம். அதைப் பத்தியே பேசினான். எங்க ஊர்ல மழை எப்படின்னு கேட்டான். அடுத்த மாசம் எமிலியையும் கூட்டிட்டு இங்க வரானாம், எந்த ஏர்போர்ட் கிட்டன்னு கேட்டான்."

"அந்த விஷயம்?"

"அதைப் பத்தி ரெண்டு பேருமே பேசல," என்றார். குரலில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "ஏர்போர்ட்டுக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்."